ஓவனில் மொறுமொறு ஹாஷ் பிரவுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைனர் எனப்படும் அமெரிக்காவின் எளிய உணவகங்களில் காலைத் தட்டில் முட்டைக்குப் பக்கத்தில் பொன்னிறமாக வந்து உட்காரும் உருளைக்கிழங்குத் துருவல்தான் ஹாஷ் பிரவுன். அங்கே அது அகலமான இரும்புக் கல்லில், தாராளமான எண்ணெயில் வேகிறது. வீட்டு ஓவனிலும் அதே முறுகல் கிடைக்கும். அடுப்பருகில் நிற்க வேண்டியதில்லை, நாலு பேருக்கு ஒரே சமயத்தில் தயாராகிவிடும். ஆனால் கல்லில் தானாக நடக்கும் சில விஷயங்களை ஓவனில் நாம்தான் நடத்திக்கொடுக்க வேண்டும்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுங்கள்.

நாலு பேருக்கு: உருளைக்கிழங்கு 1 கிலோ, எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன், தூள் உப்பு ஒன்றேகால் டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். விருப்பப்பட்டால் கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூன்.

ஓவனை 220 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஃபாரன்ஹீட் ஓவன் என்றால் 425. காலி ட்ரேயும் உள்ளேயே இருக்கட்டும். கிழங்கைத் தோல் சீவி, பெரிய கண் துருவியில் துருவி, துருவத் துருவக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசி, வடிகட்டி, துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். உதிர்த்துவிட்டு 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய், மிளகு, கார்ன்ஃப்ளார் சேர்த்துக் கிளறுங்கள். உப்பு கடைசியில்தான். சூடான ட்ரேயை வெளியே எடுத்து மீதி எண்ணெயை ஊற்றிச் சாய்த்துப் பரப்பி, துருவலை அரை செ.மீ. முதல் 1 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். போடும்போது ‘சுர்’ என்று சத்தம் வர வேண்டும். கீழ்த் தட்டில் வைத்து 20 முதல் 25 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் 10 முதல் 15 நிமிடம். அவ்வளவுதான்.

இதையெல்லாம் செய்தும் சொதசொதவென்றுதான் வருகிறது. ஏன்?

தண்ணீர். பத்துக்கு ஒன்பது முறை காரணம் இதுதான்.

உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். துருவலின் மேல் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஓவனை 220-இல் வைத்தாலும் சரி, 250-இல் வைத்தாலும் சரி. நிறமும் வறுத்த மணமும் வருவதற்கு மேற்பரப்பு 140 டிகிரி வாக்கில் ஏற வேண்டும். ஆக, ஈரம் முழுக்கப் போகிற வரை ஓவனுக்குள் நடப்பது வறுபடுதல் அல்ல, ஆவியில் வேகுதல். அந்த நேரத்தில் துருவல் குழைந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு சுட்டாலும் தோல் போல இழுக்குமே தவிர முறுகாது.

காற்று, இரும்பைப் போலச் சூட்டை வேகமாகக் கடத்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோசைக்கல்லில் இரண்டு நிமிடத்தில் வற்றுகிற ஈரம் ஓவனில் கால் மணி நேரம் எடுக்கும். அதனால்தான் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது: நன்றாகப் பிழிவது, மெல்லிசாகப் பரப்புவது, ட்ரேயை முன்பே காய வைப்பது. இவற்றில் அதிகம் மீறப்படுவது இரண்டாவது. ஒரு கிலோ துருவலுக்குச் சுமார் 45க்கு 33 செ.மீ. ட்ரே வேண்டும். 25 முதல் 30 லிட்டர் ஓ.டி.ஜி.யுடன் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த சின்ன மின் அடுப்பு) வரும் ட்ரேயில் 400 முதல் 500 கிராம் கிழங்குதான் சரியாக வரும். ‘இன்னும் கொஞ்சம் போடலாமே’ என்று குவித்தால், அடியில் இருப்பதன் ஆவி மேலே இருப்பதை அவித்துவிடும். இரண்டு முறையாகச் சுடுவது நேர விரயம்போலத் தெரியும். ஒரே முறையில் போட்டு 1 மணி நேரம் காத்திருப்பதைவிட அது மேல்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் பரவலாக இருக்கும் வாஃபிள் ஹவுஸ் உணவகங்களில் ‘ஸ்கேட்டர்டு’ என்று சொல்லி வாங்குவார்கள். துருவலை வளையத்துக்குள் அடைக்காமல் கல்லில் சிதறப் பரப்பிச் சுட்டுத் தருவது அது. முறுகல் விளிம்பு வேண்டியவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். ஓவனுக்கும் அதே கணக்கு.

எந்தக் கிழங்கு வாங்கலாம்?

மாவுச்சத்து அதிகமாகவும் ஈரம் குறைவாகவும் இருப்பது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு யோசனையே வேண்டாம்: ரஸ்ஸெட். பிரிட்டனில் மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட். இந்தியாவில் சிப்ஸ் ஆலைகளுக்கென்றே வளர்க்கப்படும் குஃப்ரி சிப்சோனா, லேடி ரொசெட்டா கிடைத்தால் பிரமாதம். ஆனால் காய்கறிக் கடையில் யாரும் ரகம் சொல்லி விற்பதில்லை. சந்தையில் நிறைய வரும் குஃப்ரி புக்ராஜ் மஞ்சள் சதையும் அதிக ஈரமும் கொண்டது. குருமாவுக்கு நல்லது, இதற்குச் சுமார்தான்.

ரகம் தெரியாவிட்டால் பழக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் துண்டு துண்டாக நிற்கிற கிழங்கு இதற்கு ஆகாது. போண்டா மசாலாவுக்குக் கை வைத்ததும் மசிகிற கிழங்கு ஆகும். இன்னும் உறுதியாகத் தெரிய, 11 கப் தண்ணீரில் 1 கப் தூள் உப்பைக் கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு அடர்த்தியானது, மூழ்கும். ஈரமானது மிதக்கும். ஒரு மூட்டை வாங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை நல்லது. அரைக் கிலோவுக்காக உப்பை வீணாக்க வேண்டாம்.

தோல் மெலிந்த புதுக்கிழங்கைத் தவிர்க்கலாம். பச்சை பாய்ந்திருந்தால் அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறியுங்கள். நிறையப் பச்சையாக இருந்தால், அல்லது கசந்தால், கிழங்கையே போட்டுவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கில் செய்தால் சீக்கிரம் கருகுகிறதே?

கிழங்கு குளிரில் கிடந்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறும். சர்க்கரை கூடிய துருவல் உள்ளே ஈரம் வற்றுவதற்குள் வெளியே கறுக்கும், லேசாக இனிக்கவும் செய்யும். குளிர்பதனக் கிடங்கிலிருந்து நேராக வந்த கிழங்கிலும் இது நடக்கும். வெளியே, வெளிச்சம் படாத காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்தால் ஓரளவு சரியாகும். அவசரம் என்றால் துருவலை 20 நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு அலசி, ஓவனை 200 டிகிரியாகக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

துருவலைக் கழுவத்தான் வேண்டுமா? சத்து போய்விடாதா?

கொஞ்சம் சத்து தண்ணீரோடு போகும்தான். ஆனாலும் கழுவுங்கள். துருவும்போது கிழங்கின் செல்கள் கிழிந்து, மாவுச்சத்து வெளியே வந்து இழைகளின் மேல் படியும். சூடு பட்டதும் அது பசையாகி எல்லாவற்றையும் ஒரே கட்டியாக ஒட்டிவிடும், ஈரத்தையும் உள்ளேயே பிடித்துவைக்கும். அலசினால் இழை இழையாக நிற்கும். தண்ணீர் பால்போல இல்லாமல் ஓரளவு தெளிந்தால் போதும். சுடுதண்ணீர் கூடவே கூடாது, பாத்திரத்திலேயே பசையாகிவிடும்.

முதல் அலசல் தண்ணீரை உடனே கொட்டாதீர்கள். 10 நிமிடம் அசையாமல் வைத்து, மேல்தண்ணீரை மெதுவாகச் சாய்த்தால் அடியில் வெள்ளையாக, விரலால் அழுத்தினால் கெட்டியாகவும் சாய்த்தால் வழிவதாகவும் ஒரு படிவு இருக்கும். அது சுத்தமான உருளை மாவுச்சத்து. பிழிந்த துருவலில் அதில் 1 டேபிள்ஸ்பூன் சேர்த்தால் கார்ன்ஃப்ளார் வாங்கவே வேண்டாம். கழுவி எடுத்ததையே திரும்பப் போடுவது வேடிக்கையாகப் படலாம். வேண்டாத அளவுக்கு இருந்ததை நீக்கிவிட்டு, வேண்டிய அளவை மட்டும் காய்ந்த துருவலின் மேல் மெல்லிய பூச்சாகக் கொடுக்கிறோம்.

அரிசி மாவும் உதவும், 1 டேபிள்ஸ்பூன் போதும். அதற்கு மேல் போனால் ஹாஷ் பிரவுன் பக்கோடா ருசிக்குத் திரும்பிவிடும்.

எதில் துருவுவது?

நான்கு பக்கத் துருவியின் பெரிய கண்ணில். கிழங்கை நீளவாக்கில் பிடித்துத் துருவினால் இழை நீளமாக வரும். சின்னக் கண்ணில் துருவினால் கூழாகும். மிக்ஸி சரிப்படாது, ஃபுட் பிராசஸரின் துருவல் தட்டு சரி.

எவ்வளவு பிழிய வேண்டும்? கை வலிக்கிறது.

கையால் உருட்டிப் பிழிவது போதாது. பழைய வேட்டித் துணிதான் இதற்கு உகந்தது: மெல்லிசு, ஆனால் கிழியாது. ஒரு தடவைக்கு இரண்டு கைப்பிடித் துருவல் மட்டும் வைத்து, நான்கு முனையையும் சேர்த்து, ஒரு மரக்கரண்டிக் காம்பை முடிச்சில் செருகித் திருகுங்கள். முதலில் தாரையாக ஓடும், பிறகு சொட்டும். சொட்டு நின்றதும் முடிக்காமல் துணியைத் தளர்த்தி, துருவலைக் குலுக்கிப் புரட்டி மறுபடி திருகினால் இன்னொரு தடவை ஓடும். அந்த இரண்டாவது ஓட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோவிலிருந்து ஒரு டம்ளருக்குக் குறையாமல் தண்ணீர் வர வேண்டும். பிழிந்த துருவலைக் கையில் அழுத்தித் திறந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும், உள்ளங்கை பளபளக்கக் கூடாது.

இன்னும் ஒரு படி போக விரும்பினால், பிழிந்த துருவலை மைக்ரோவேவில் மூடாமல் 2 நிமிடம் வைத்து எடுத்து, தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள். மீதி ஈரம் கொஞ்சம் போகும், துருவல் பாதி வெந்தும் இருக்கும். ஈரமான ரகம் மட்டுமே கிடைக்கிற ஊரில் இது நல்ல வழி.

உப்பை ஏன் கடைசியில் போடச் சொல்கிறீர்கள்?

உப்பு கிழங்கிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். போட்டுக் கிளறி 10 நிமிடம் வைத்தால் பிழிந்ததெல்லாம் வீண். ட்ரேயில் பரப்பும் நிமிடத்தில் போடுங்கள். இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தலாம்: அலசி வடித்த துருவலில் முழு உப்பையும் போட்டு 10 நிமிடம் கழித்துப் பிழிந்தால் தண்ணீர் எளிதாக வரும். அப்போது பிறகு உப்பு சேர்க்காதீர்கள், ஒரு இழையை எடுத்து ருசித்துப் பாருங்கள்.

எண்ணெயைக் குறைத்தால் என்ன? ஓவனில் செய்வதே அதற்குத்தானே.

பொரிப்பதை ஒப்பிட்டால் ஏற்கெனவே குறைவுதான். ஒரு கிலோவுக்கு 4 டேபிள்ஸ்பூன், அதாவது 60 மி.லி. இதை 3 ஆக்கலாம். 1 ஆக்கினால் நூல்போலக் காய்ந்து பல்லில் ஒட்டும் பண்டம் கிடைக்கும். எண்ணெய் இழைகளுக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள காற்று இடைவெளியை நிரப்பிச் சூட்டைக் கடத்துகிறது; ருசிக்காக மட்டும் ஊற்றுவதில்லை.

சுத்திகரித்த கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், நெய் எல்லாம் 220 டிகிரியைத் தாங்கும். வெண்ணெயில் பால் திடப்பொருள் இருப்பதால் கருகும். வெண்ணெய் மணம் வேண்டுமென்றால் பாதி நெய், பாதி எண்ணெய். செக்கு நல்லெண்ணெய், செக்குத் தேங்காயெண்ணெய் இரண்டும் இந்தச் சூட்டில் புகையும்.

ட்ரேயில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. பட்டர் பேப்பர் போடலாமா?

போடலாம். ஆனால் வெறும் உலோகத்தில் வரும் அடிமுறுகல் தாளில் அந்த அளவுக்கு வராது. உறையில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும், பாருங்கள்; பல தாள்கள் 220 வரைதான். சிலிக்கான் விரிப்பு சூட்டைத் தடுக்கும், வேண்டாம். கண்ணாடிப் பாத்திரம் மெதுவாகச் சூடேறும், வேண்டாம். அலுமினியத் தாள் போட்டால் எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள், இல்லையென்றால் தாளையும் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும்.

நல்ல தேர்வு கனமான, கருநிற உலோக ட்ரே. பளபளக்கும் அலுமினியத்தைவிட வேகமாகச் சிவக்கும். அதைவிடவும் நல்லது வார்ப்பிரும்புச் சட்டி, 25 செ.மீ. சட்டியில் 400 கிராம் கிழங்கு.

ஒட்டுவதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். அடி முறுகினால் துருவல் தானே விட்டுக்கொடுக்கும். சட்டுவத்தை ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் இன்னும் 4 நிமிடம் விடுங்கள்.

திருப்பும் நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடிகாரத்தைவிடக் காது நம்பகமானது. முதல் 10 நிமிடம் ஓவன் கதவில் ஆவி படியும், உள்ளே ஈரமான சீறல் கேட்கும். அந்த நேரத்தில் ஒரு தடவை கதவை 5 விநாடி திறந்து ஆவியை வெளியேற்றலாம். அடிக்கடி திறந்தால் சூடு போய்விடும். 20 நிமிட வாக்கில் சீறல் அடங்கி, இடைவிட்ட பட்பட் சத்தமாக மாறும். ஓரங்கள் தேன் நிறத்துக்கு வந்து, ட்ரேயின் விளிம்பிலிருந்து சற்று உள்வாங்கியிருக்கும். நடுப்பகுதி இன்னும் வெளிறித்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். துண்டு துண்டாக வெட்டித் திருப்புங்கள். முழு அடையாகத் திருப்ப முயன்றால் உடையும். திருப்பும்போது ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் மாற்றுங்கள்.

ஓ.டி.ஜி., கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ், ஏர் ஃப்ரையர்: எதில் எப்படி?

ஓ.டி.ஜி.யில் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி வையுங்கள். கீழ்க்கம்பிக்கு அடுத்த தட்டில் ட்ரே. முன்சூடு 15 நிமிடம் கட்டாயம். குமிழில் 220 என்று இருந்தாலும் உள்ளே 190 இருப்பது சகஜம். ஒரு சின்ன ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டால் பாதி சந்தேகம் தீரும். விசிறி உள்ள ஓவன் ஈரத்தைச் சீக்கிரம் அடித்துச் செல்லும், 200 டிகிரி போதும்.

மைக்ரோவேவில், சூடான காற்றைச் சுழற்றிச் சுடும் கன்வெக்‌ஷன் முறை மட்டும். மைக்ரோவேவும் கன்வெக்‌ஷனும் கலந்த முறை அவித்துத்தான் தரும். சில மாடல்கள் 200 டிகிரிக்கு மேல் போகாது, அப்போது 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏர் ஃப்ரையரில் 200 டிகிரி, 250 கிராம் வீதம், நடுவில் ஒரு தடவை குலுக்கி 15 முதல் 18 நிமிடம். முறுகல் உண்டு, ஆனால் டைனரில் வருகிற தட்டையான அடிப்பகுதி கிடைக்காது.

துருவியதும் கறுத்துப்போகிறது.

காற்று படுவதால். தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் நிற்கும். அரை மூடி எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். பிழிந்தபிறகு காத்திருக்க வைக்காதீர்கள். லேசாகச் சிவந்திருந்தால் கெடுதல் இல்லை, சுட்டபின் தெரியாது.

கடையில் வருவதுபோல நீள்வட்ட வில்லையாகச் செய்ய முடியுமா?

முடியும், வழி வேறு. கிழங்கைத் தோலோடு 10 நிமிடம், நடு இன்னும் கெட்டியாக இருக்கும்படி அரைவேக்காடாக வேகவிட்டு, ஆறவைத்து, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரில் மாவுச்சத்து இறுகுவதால் மறுநாள் துருவும்போது குழையாது. கழுவ வேண்டாம், பிழிய வேண்டாம். 500 கிராமுக்கு 1 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், முக்கால் டீஸ்பூன் உப்பு சேர்த்து, முக்கால் அங்குலக் கனத்துக்கு மேல் போகாத வில்லைகளாகத் தட்டி அரை மணி நேரம் ஃபிரீசரில் இறுகவையுங்கள். இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி 220 டிகிரியில் பக்கத்துக்கு 15 நிமிடம். அழுத்தித் திணிக்காமல் லேசாகத் தட்டினால்தான் ஓரத்து இழைகள் பிரிந்து நின்று முறுகும்.

முட்டை சேர்த்தால் பிடிப்பு நன்றாக இருக்கும், முறுகல் குறையும். எது வேண்டும் என்பது உங்கள் பாடு.

வெங்காயம், சீஸ், பச்சை மிளகாய்?

வெங்காயத்தில் கிழங்கைவிட ஈரம் அதிகம். ஒரு கிலோவுக்கு, சிறிய அளவிலான பெரிய வெங்காயம் ஒன்று. துருவிக் கிழங்கோடு சேர்த்தே பிழிந்துவிடுங்கள். நீளநீளமாக நறுக்கிப் போட்டால் கிழங்கு முறுகுவதற்குள் கருகும். சீஸ் கடைசி 5 நிமிடத்தில். பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் இறக்கியபின் தூவுங்கள்.

உறைந்த பாக்கெட் வாங்கினால்?

உருகவிடாதீர்கள். உறைந்த நிலையிலேயே சூடான ட்ரேயில், இடைவெளி விட்டு, 220 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். நடுவில் ஒரு தடவை திருப்புங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட 3, 4 நிமிடம் கூடுதலாகத் தேவைப்படுவது வழக்கம். வில்லைகள் ஏற்கெனவே எண்ணெயில் லேசாகப் பொரித்து உறையவைக்கப்பட்டவை என்பதால் மேலும் எண்ணெய் வேண்டாம். வெறும் துருவலாக வருகிற பாக்கெட்டுக்கு எண்ணெய் வேண்டும்.

நன்றாகச் சிவந்தால் அக்ரிலமைட் உண்டாகும் என்கிறார்களே?

உண்மைதான். அக்ரிலமைட் என்பது புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் ஒரு வேதிப்பொருள். மாவுச்சத்து உணவை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது அது உருவாகிறது. 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கக் கவனத்துக்கு வந்தது. நிறம் ஏற ஏற அதன் அளவும் ஏறும். தண்ணீரில் ஊறவைத்து அலசுவது சர்க்கரையைக் குறைப்பதால் இதையும் குறைக்கும். பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். கரும்பழுப்பு வரை விடுவதால் முறுகல் கூடுவதில்லை, கசப்புதான் கூடுகிறது.

சர்க்கரைவள்ளியில் செய்யலாமா?

ருசியாக இருக்கும், மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள். சர்க்கரை அதிகம், சீக்கிரம் கறுக்கும். 190 டிகிரிக்கு மேல் போகாதீர்கள்.

முந்தின நாளே தயார் செய்துவைக்கலாமா? மீந்ததை என்ன செய்வது?

பச்சைத் துருவலை ஃபிரீசரில் வைக்காதீர்கள்; கறுத்து, உருகும்போது தண்ணீர் விடும். துருவி, தண்ணீரில் அமிழ்த்தி ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைக்கலாம், காலையில் பிழிந்தால் போதும். அதிக நாள் வேண்டுமென்றால் திருப்புகிற கட்டம் வரை சுட்டு, ஆறவிட்டு, ட்ரேயிலேயே உறையவைத்துப் பிறகு பையில் போடுங்கள். 2 மாதம் நன்றாக இருக்கும். உறைந்தபடியே 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம்.

சுட்டதை அடுக்கி மூடிவைத்தால் 5 நிமிடத்தில் தளர்ந்துவிடும். பரிமாறத் தாமதமானால் கம்பி வலைமேல் பரப்பி 95 டிகிரி ஓவனில் வையுங்கள், அரை மணி நேரம் தாங்கும். ஃபிரிட்ஜில் 3 நாள். மறுபடி சூடாக்க ஓவனில் 200 டிகிரி, 8 முதல் 10 நிமிடம், அல்லது தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறுதீயில். மைக்ரோவேவில் சூடாக்கினால் மீண்டும் சொதசொதப்புதான்.